வெட்டாமல் விட்ட பாதி

குருவுக்கு நாற்பத்திரண்டு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. சீடருக்கு முட்டிவலி வேறு. குழிக்குள் இறங்கும்போதெல்லாம் குருதான் கைகொடுத்து இறக்கிவிடுவார். இப்படியொரு குருகுலத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குருவின் பெயர் பரிபூரணம். அந்த அகழாய்வுக்குத் தலைவர். சீடர் சங்கரநயினார், வடகரைப் பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருஷம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். நான் படம் வரைகிறவன். குழியின் சுவரில் தெரியும் மண்ணடுக்குகளை அளந்து கட்டம் போட்ட தாளில் வரைவது என் வேலை. மூன்று மாதம் ஓடைக்கரையில் கூடாரம் போட்டுக் கிடந்தோம்.

இருபத்தாறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் காலையில் பல் தேய்க்கும் பிரஷ்ஷைக் கையில் எடுத்தால் எனக்குப் பானை ஓட்டின் ஞாபகம்தான் வருகிறது. நாங்கள் ஓடு கழுவியது அதைக் கொண்டுதான். அந்த மூன்று மாதத்தைப் போல ஒரு மூன்று மாதம் என் வாழ்க்கையில் திரும்ப வரவே இல்லை.

நாங்கள் தோண்டிய மேட்டுக்குச் சாம்பமேடு என்று பெயர். எங்கே மண்வெட்டி போட்டாலும் ஆறடிக்குக் கீழே ஒரு சாண் கனத்துக்குச் சாம்பல் வரும். ஓடைக்கு வடக்கே வடகரை, தெற்கே தென்கரை. சாம்பல் ஒன்று, கதை இரண்டு. வடகரைக்காரர்கள் சொல்வது: 'அது எங்க பழைய ஊரு. தென்கரைக்காரன் தீ வச்சு எரிச்சான். தப்பிச்சு வந்தவங்கதான் நாங்க.' தென்கரைக்காரர்கள் சொல்வது: 'அங்கன ஒரு சித்தர் யாகம் பண்ணினாரு. அது திருநீறு.' அவர்கள் அதை நெற்றியில் பூசிக்கொள்வதும் உண்டு. இரண்டு கரைக்கும் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. தாகத்துக்குத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

நாங்கள் கூடாரம் போட்ட மறுநாளே சங்கரநயினார் குடையோடு வந்து நின்றார்.

"எனக்கும் இதச் சொல்லிக் குடுங்கம்மா."

"எதுக்கு வாத்தியாரய்யா?"

"முப்பத்து மூணு வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். எங்க ஊரு எரிஞ்ச கதையை வருஷா வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லியிருக்கேன். சாகுறதுக்குள்ள அதைக் கண்ணால பாத்துரணும்."

பரிபூரணம் ஒரு பிரஷ்ஷையும் ஒரு வாளித் தண்ணீரையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஓடு கழுவுங்க."

மனிதர் மூன்று வாரம் கழுவினார். சும்மா சொல்லக்கூடாது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எப்படி விரட்டியிருப்பாரோ அப்படித் தன்னையும் விரட்டிக்கொண்டார். கழுவி, காயவைத்து, ஒவ்வொரு ஓட்டிலும் மையால் எண் போடுவார். சாயங்காலமானால் ஒரு கேள்வி கேட்பார்.

"அம்மா, இந்த ஓடு என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"நாமதான் சொல்லுவோம். சில சமயம் அது ஒத்துக்க மாட்டேங்கும். மாட்டேங்குதான்னு மட்டும் பாருங்க."

அவர் அந்த ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்தக் காலத்தில் பாளையங்கோட்டையில் டீக்கடைக்கு டீக்கடை பின்நவீனத்துவம் பேசினார்கள். ஒருநாள் அங்கேயிருந்து ஜெயசீலன் என்று ஒரு கல்லூரி ஆசிரியர் மேட்டைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், ஆனால் வாய் ஓயாது. எங்கள் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே எங்கள் தலையில் குண்டைப் போட்டார்.

"உண்மைன்னு ஒண்ணு கிடையாது சார். வடகரைக்கு ஒரு கதையாடல், தென்கரைக்கு ஒரு கதையாடல். நீங்க தோண்டி எழுதப் போறீங்களே, அது மூணாவது கதையாடல். அறிவாளி சொன்னா ஊரு கேட்டுக்கிட்ட காலம்லாம் மலையேறிப் போச்சு."

சொல்லிவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். சங்கரநயினாருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்த ஆளு சொல்லுறது நிசமாம்மா?"

"பாதி நிசம்."

"அப்ப நாம எதுக்கு? மூணாவது கதை சொல்லவா இவ்வளவு வெயில்ல கிடக்கோம்?"

பரிபூரணம் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.

"நாளைக்கு நீங்க குழிக்குள்ள இறங்கலாம் ஐயா."

அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் அவருக்குக் கேள்வியே மறந்துபோனது. அவ்வளவு சந்தோஷம்.

குழியில் மண் வெட்டியவர்களில் உச்சிமாகாளி என்று ஒருவர் இருந்தார். தென்கரைக்காரர், முப்பத்தெட்டு வயது. அவர் கை பட்டால் மண்ணுக்கு நோகாது. அடுக்கு மாறும் இடத்தைக் கால் விரலால் தடவியே சொல்லிவிடுவார். ஆனால் வாத்தியார் குழிக்குள் இறங்கினால் அவர் மேலே ஏறிவிடுவார். நான் காரணம் கேட்டேன். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்.

"ஏழாப்புல சாரு அந்தக் கதைய நடத்துனாரு. தென்கரைப் பிள்ளைங்க எல்லாம் கடைசிப் பெஞ்சு, தலையக் குனிஞ்சுகிட்டு இருக்கோம். நான் எந்திரிச்சு, 'எங்க ஆளுங்க அப்படிச் செய்யல சார்'ன்னேன். 'சாட்சி இருக்கால?'ன்னாரு. நான் என்னத்தச் சொல்ல? மத்தியானம் வரைக்கும் முட்டி போட வச்சாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மறுநாள்ல இருந்து போகல. மண்வெட்டியத் தூக்கிட்டேன்."

அன்று முழுவதும் எனக்குக் கோடு நேராக வரவில்லை.

சாம்பல் அடுக்கு வந்தது. குழியின் நாலு சுவரிலும் கறுப்புக் கரை போட்ட வேட்டி மாதிரி ஓடியது. சங்கரநயினார் அதன்முன் கைகட்டி நின்றார். கண் கலங்கியிருந்தது. அவருடைய ஊர் அது, எரிந்துபோன ஊர். நான் கேலி பேச வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

கிழக்குச் சுவரில் மட்டும் ஒரு சிக்கல். பிற்காலத்தில் யாரோ மேலேயிருந்து ஒரு பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். அது சாம்பலையும் அறுத்துக்கொண்டு கீழே போயிருந்தது. பள்ளத்தில் நிறைந்த மண் செம்மண், பக்கத்தில் சாம்பல். இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன.

குழியில் இறங்குகிற எல்லாருக்கும் பரிபூரணம் முதல் நாளே ஒரு விதி சொல்லுவார்: சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் பிடுங்கக்கூடாது. தங்கமே தெரிந்தாலும் தொடக்கூடாது. வாத்தியாருக்கும் சொல்லியிருந்தார், வாத்தியாரும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

ஒரு மத்தியானம் வாத்தியாரைக் குழியில் விட்டுவிட்டு எல்லாரும் சாப்பிடப் போயிருந்தோம். சங்கரநயினார் கூடாரத்துக்கு ஓடிவந்தார். முட்டிவலிக்காரர் ஓடி நான் அன்றுதான் பார்த்தேன். கையில் துருப்பிடித்த ஓர் இரும்பு முனை.

"அம்பும்மா! அம்பு! சாம்பலுக்குள்ள கிடந்துச்சு! எரிச்சுப்போட்டு அம்பு விட்டிருக்கானுவ!"

பரிபூரணம் அவர் கையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?"

"சாம்பல்ல."

"காட்டுங்க."

போனோம். கிழக்குச் சுவரில், செம்மண்ணும் சாம்பலும் ஒட்டிய இடத்தில், ஒரு ஓட்டை. பிடுங்கிய வேகத்தில் சுற்றியிருந்த மண் ஒரு கையகலத்துக்குச் சரிந்து, கறுப்பும் சிவப்பும் ஒன்றாய்க் கலந்து கீழே கிடந்தது.

முனை சாம்பலுக்குள் இருந்திருந்தால் அது தீயின் காலத்தது. பள்ளத்து மண்ணில் இருந்திருந்தால் எவனோ பின்னால் வந்தவன் போட்டது. தீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நேற்றுக் கிணற்றில் விழுந்த சொம்புக்குக் கிணற்றின் வயசைச் சொல்ல முடியாது. எதில் இருந்தது என்று சொல்லக்கூடிய மண் இப்போது அந்தக் குவியலில் இருந்தது.

"சாம்பல்லதாம்மா இருந்துச்சு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்... பாத்த மாதிரிதான் இருக்கு."

பரிபூரணம் ஒரு சொல்கூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாத்தியாருக்கு லேசாகியிருக்கும். என் பக்கம் திரும்பினார்.

"ஜெபமணி, வரைங்க."

"எதை மேடம்?"

"ஓட்டையை."

ஒன்றுமில்லாத இடத்தை அளந்து வரைந்தது என் வாழ்க்கையில் அது ஒருமுறைதான்.

சாயங்காலம் பரிபூரணம் பதிவேட்டைக் கொண்டுவந்து சங்கரநயினார் முன்னால் வைத்தார். கிடைத்த பொருள், நாள், எந்தக் குழி எல்லாம் எழுதியிருந்தது. எந்த அடுக்கில் கிடைத்தது என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"இதை நீங்களே எழுதிருங்க ஐயா."

"நான் என்ன எழுதினாலும் சரியா?"

"எடுத்தது நீங்கதான."

அவர் பேனாவைத் திறந்தார். மூடினார். எழுதாமல் எழுந்து போனார்.

ஊருக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்? வடகரையில் வெடி போட்டார்கள். தென்கரையிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் நின்றுவிட்டார்கள், உச்சிமாகாளியைத் தவிர.

"நீங்க மட்டும் ஏன் வந்தீங்க?" என்று கேட்டேன்.

"பாதியில போயிப் பழகிட்டா அப்புறம் எல்லாத்தையும் பாதியிலதான் விடணும்," என்றார்.

மூன்றாம் நாள் இரண்டு கரைப் பெரியவர்களும் வந்து நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டம், நீங்கள் வந்து சொல்லவேண்டும் என்றார்கள். பரிபூரணம் சங்கரநயினாரைக் காட்டினார்.

"வாத்தியாரய்யா சொல்லுவாங்க."

வடகரைக்காரர்களுக்கு முகமெல்லாம் பல். அவர்கள் ஆள், அவர்கள் வாத்தியார். வேறென்ன சொல்லிவிடப் போகிறார்?

போகும் வழியில் சங்கரநயினார் மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, நான் சாம்பல்லதான்னு சொன்னா, நீங்க மறுப்பீங்களா?"

"நான் பாக்கலையே ஐயா. எதை வச்சு மறுக்க?"

அவர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வெயில் கொளுத்தியது. பிறகு அதை விரிக்கவே இல்லை.

பிள்ளைகள் உட்காரும் குட்டிப் பெஞ்சுகளில் பெரியவர்கள் முட்டியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வடகரை முன்னால், தென்கரை பின்னால். அங்கேகூட அப்படித்தான். கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் உச்சிமாகாளி. கரும்பலகைக்கு முன்னால் சங்கரநயினார். முப்பத்து மூன்று வருஷம் நின்ற இடம். கை தானாகச் சாக்பீஸைத் தேடியதைப் பார்த்தேன். கிடைத்ததும் அதைக் கீழே வைத்துவிட்டார்.

"சொல்லுங்க சார்," என்றார் முன் பெஞ்சுக்காரர். "அம்பு சாம்பல்லதான இருந்துச்சு?"

வாத்தியார் தண்ணீர் குடித்தார்.

"எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"என்னது?"

"பிடுங்கக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. நான் பிடுங்கிட்டேன். சாம்பல்ல இருக்கணும்னு ஆசை. அந்த ஆசையில கண்ணு ஒழுங்காப் பாக்கல."

"அப்ப அவனுவ எரிச்சானுவளா, இல்லியா?"

"தெரியாது."

"முப்பது வருஷமா எங்ககிட்டத் தெரியும்னுல்லா சொன்னீரு?"

"ஆமா. அப்பவும் தெரியாது. ஒருத்தன் எந்திரிச்சு இல்லேன்னான். சாட்சி கேட்டு அவனை முட்டி போட வச்சேன். எங்கிட்டயும் சாட்சி இல்ல." அவர் கண் கடைசிப் பெஞ்சுக்குப் போனது. "இந்த ரூம்லதான்."

உச்சிமாகாளி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

தென்கரைப் பெரியவர் எழுந்தார்.

"சரி. அப்ப நாங்க எரிக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க."

"அதுவும் தெரியாதுங்க," என்றார் பரிபூரணம். "சித்தர் யாகம் பண்ணினாரான்னும் தெரியாது. ஒரு தடவை பெரிசாத் தீ எரிஞ்சிருக்கு. யாரு, எதுக்கு, எங்களுக்குத் தெரியல."

"பின்ன என்ன மயித்துக்கு மூணு மாசமாத் தோண்டுனீங்க?"

கேட்டது வடகரையா தென்கரையா என்று நினைவில்லை. இரண்டு பக்கமும் ஆமோதித்துத் தலையாட்டியது மட்டும் நினைவிருக்கிறது. எனக்குத் தெரிந்து இரண்டு கரையும் ஒரே ஆளைத் திட்டிக்கொண்டு ஒரே வாசல் வழியாகப் போனது அன்றைக்குத்தான்.

கூடாரத்துக்குத் திரும்பியதும் சங்கரநயினார் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். காலியிடத்தில், பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதும் அதே உருண்டைக் கையெழுத்தில் எழுதினார்: 'தெரியாது. கையால் பிடுங்கப்பட்டது. பிடுங்கியவன், சங்கரநயினார்.'

அவர் போய்ப் பல வருஷம் ஆயிற்று. அந்தப் பதிவேடு எங்கோ ஓர் அலமாரியில் இருக்கும். பரிபூரணம் மேடத்தின் கடிதம் பொங்கலுக்குப் பொங்கல் வந்துகொண்டிருந்தது, இப்போது நின்றுவிட்டது. சாம்பமேட்டின் கிழக்குப் பாதி மட்டும் அப்படியே இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதைக் கேட்டபோது ஏனோ சொந்த வீடு இடியாமல் நிற்கிற நிம்மதி.

கடைசி நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

அனுமதி முடிய நான்கு நாள் இருந்தது. பரிபூரணம் குழியை மூடச் சொல்லிவிட்டார். உச்சிமாகாளி அடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் பரத்தினார். பரிபூரணம் அந்த வருஷம் அச்சடித்த ஒரு ரூபாய் நாணயத்தை இடுப்புப் பையிலிருந்து எடுத்து விரிப்பின் நடுவில் வைத்தார். எங்கள் வேலையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டார் சங்கரநயினார்.

"பின்னால தோண்ட வாரவங்க குழம்பிரக்கூடாதுல்லா. இந்த வருஷத்து ஆளுங்க இதுவரைக்கும் வந்தாங்க, இதுக்குக் கீழ அவங்க பாக்கலன்னு தெரியணும்."

உச்சிமாகாளி மண்வெட்டியை எடுத்தார். சங்கரநயினார் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம் இருய்யா." குருவிடம் திரும்பினார். "அம்மா, இன்னும் நாலு நாள் இருக்கு. இந்தக் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பாதி மேடு அப்படியே கிடக்கு. சாம்பல் அதுக்குள்ளயும் போகுது. அதை வெட்டினா எரிச்சாங்களா இல்லையான்னு தெரிஞ்சிரும்."

"தெரியலாம்."

"அப்ப வெட்டுவோம்மா. நான் தொடக்கூட மாட்டேன், மேல நின்னு பாக்கேன். இவனுக்கு நான் ஒரு பதில் கடன்பட்டிருக்கேன். இருபத்தஞ்சு வருஷம். 'தெரியாது'ங்கிறதை மட்டும் குடுத்துட்டு நான் எப்படிச் சாக?"

"எனக்குப் பதிலு வேண்டாம் சார்," என்றார் உச்சிமாகாளி. "நேத்துச் சொன்னதே போதும்."

"எனக்குப் போதாதுய்யா."

பரிபூரணம் கிழக்குச் சுவர் ஓரம் போனார். ஓட்டைக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"இந்தப் பாதியை வெட்டக்கூடாது ஐயா. முதல் நாளே முடிவு பண்ணினது. வெட்டினது போனதுதான், திரும்பப் பாக்க முடியாது. எங்க தோண்டினாலும் ஒரு பங்கு விட்டுத்தான் வைப்போம்."

"யாருக்கு விட்டு வைக்கது? ஊருல ஒருத்தனும் இனி நம்மகிட்ட வந்து கேக்கப் போறதில்ல. அந்த ஜெயசீலன் சொன்ன மாதிரி, அவங்கவங்களுக்கு அவங்கவங்க கதை. நாம எதுக்குன்னு அன்னைக்கே உங்ககிட்ட கேட்டேன். நீங்க பதிலே சொல்லல."

"அதான் இப்பச் சொல்லுதேன்."

"இந்தப் பாதி யாருக்கும்மா?"

பரிபூரணம் சுவரிலிருந்து கையை எடுத்தார். உச்சிமாகாளியைப் பார்த்து, மூடலாம் என்று தலையசைத்தார். முதல் மண் நாணயத்தின்மேல் விழுந்தது.

"நாம சொல்லுறத நம்பாம எந்திரிச்சு நிப்பான்லா ஒருத்தன், அவனுக்கு."